சூசையம்மாளின் மகள் டோரத்தி

செய்தி எனக்குக் காதில்தான் வந்தது. எங்கள் வேலையில் எல்லாமே காதில்தான் வரும். விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை டியூட்டியில் உட்கார்ந்திருந்தேன். திண்டிவனம் லைன் கூப்பிட்டது. நம்பர் கேட்பதற்காக பிளக்கைச் செருகினேன். அந்தப் பக்கத்து ஆபரேட்டர் பெண் நம்பர் எதுவும் சொல்லவில்லை.

"சகுந்தலாம்மாவா? டோரத்தி அக்கா போயிட்டாங்கம்மா. காத்தால, ஆஸ்பத்திரில" என்றாள்.

"சரிம்மா" என்றேன். போர்டில் அடுத்த அழைப்புக்கான தகடு விழுந்தது. கோலியனூர் அரிசி மில்லுக்கு மதராஸ் வேண்டுமாம். இணைத்துக் கொடுத்தேன். அவர்கள் பேசி முடித்து, லைனைப் பிரித்த பிறகுதான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

டோரத்தி மார்ட்டின் அவர்கள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். நாற்பதைத் தாண்டிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. இதயம் வீங்கிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சங்கத்துப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். "மறைந்த ஆங்கிலோ இந்தியச் சகோதரி என்று தலைப்புப் போடலாமா?" என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று சொல்ல ஒரு பக்கம் போதாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது விழுப்புரம் ரயில்வே காலனியில். அப்பா மார்ட்டின் துரை, இன்ஜின் டிரைவர். வெள்ளைக்கார வம்சமும் இந்த மண்ணின் வம்சமும் கலந்து வந்தவர்களை நம் ஊரில் சட்டைக்காரர்கள் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பம். அம்மா சூசையம்மாள், திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகும் வழியில் ஒரு சேரியில் பிறந்தவர். காலனி பங்களா ஒன்றில் ஆயா வேலைக்கு வந்தவரை மார்ட்டின் துரை மாதா கோயிலில் வைத்து முறையாகக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் அது சின்னத் துணிச்சல் இல்லை. ஆனால் அந்தத் துணிச்சல் கோயில் வாசலோடு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. மூத்தவர் ரேமண்ட் அப்பாவைக் கொண்டு பிறந்தார்; பூனைக்கண், சிவந்த தோல். இளையவர் டோரத்தி அம்மாவைக் கொண்டு பிறந்தார், நல்ல கறுப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அக்கா அங்கே சில வருஷங்கள் சீனியர். அப்போது ரயில்வேயிலும் தபால் தந்தியிலும் சட்டைக்காரர்களுக்கு வேலையில் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பங்கில் வந்தவர் அவர். நான் கோலியனூர்க்காரி, நிலபுலம் உள்ள வீடு. நீ என்ன ஆளு என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. என் அப்பா பேரின் வாலே அதற்குப் பதில் சொல்லிவிடும். அக்காவுக்கு அப்படி ஒரு வால் இல்லை. பேரைச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் பேரைக் கேட்பார்கள். இரண்டும் ஒட்டாமல் நின்று விழிப்பார்கள்.

அவருடைய இங்கிலீஷைக் கேட்க வேண்டும். அப்பா கண்டித்து வளர்த்த இங்கிலீஷ். லைனில் கேட்டவர்கள் உள்ளே ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்திருப்பதாகவே நினைத்தார்கள். ஊரில் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் இருந்தார். தினமும் மதராஸில் விலை கேட்டுப் பேசுவார். அக்கா டியூட்டியில் இருந்தால் அவருக்குக் குரலே குழைந்துவிடும். தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் கொட்டிவிட்டுத்தான் நம்பர் சொல்வார். ஒரு புது வருஷத்துக்குத் தட்டு நிறைய ஆப்பிளும் கேக்குமாக நேரிலேயே வந்துவிட்டார். அன்று சேலை கட்டி வந்திருந்த அக்காதான் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தாம்மா, உள்ள வெள்ளைக்கார மேடம் கீறாங்களா?"

"லீவுங்க."

"அடடா. இத அவங்களாண்ட குடுத்துடுறியா? பத்திரம். நீ எதனா எடுத்துடாத."

"குடுத்துடறேங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோருமாகச் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் அவர் லைனில் வந்தார். "மேடம், ஐ கேம். யூ நாட் தேர். ஒன் பிளாக் லேடி ஒன்லி..." என்று இழுத்தார்.

"யெஸ், ஷீ டோல்ட் மீ. வெரி கைண்ட் ஆஃப் யூ" என்றார் அக்கா.

வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, "ஒரு நாளு நடந்தா சிரிப்பு. தெனமும் நடந்தா பேஜாரு, சகு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மேசையில் மார்ட்டின் துரை, ரேமண்ட், ரேமண்டின் மனைவி, டோரத்தி அக்கா, நான். சேலை கட்டிய வயதான அம்மாள் ஒருவர் சமையலறையிலிருந்து சோறும் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார். நான் ஆயா என்றுதான் நினைத்தேன். அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அம்மா, இங்க வந்து உக்காருங்க."

துரை தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "டோரத்தி. நாட் வென் வீ ஹேவ் கெஸ்ட்ஸ்" என்றார். விருந்தாளி இருக்கும்போது வேண்டாமாம். அந்த விருந்தாளி நான்.

"வேணாம் பாப்பா. எனுக்கு அடுப்பாண்ட வேலை கெடக்குது" என்று சொல்லிவிட்டுச் சூசையம்மாள் உள்ளே போய்விட்டார். அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். நானும் என் தட்டோடு போனேன். மூன்று பேரும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். சூசையம்மாள் எனக்குக் கறி வைத்துக்கொண்டே, "எங்க வூட்டுக்காரரு நல்லவருதாம்மா. வெளியாளு வந்தாத்தான் அவருக்குக் கொஞ்சம் கூச்சம்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. காலனியில் நடனம் நடக்கும் இரவுகளில் அவரை ஆட அழைக்க ஆள் வரும். பெண் கேட்க வராது. அங்கேயும் தோலில் பல படிகள் இருந்தன. ரயில் கார்டு ஒருவர் அவரை விரும்பினார். அந்தப் பையனின் தாய் வந்து மார்ட்டின் துரையிடம், "எங்களுக்கே ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சம் நிறத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சட்டைக்காரி என்பதை ஒரு வேளை பொறுத்திருப்பார்கள். அம்மா எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்ததும் பேச்சு நின்றுவிட்டது. மேலே இருப்பவர்களுக்கு அப்பா வழி போதவில்லை, கீழே பார்ப்பவர்களுக்கு அம்மா வழி ஒத்துவரவில்லை. அக்கா அதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம்.

பிறகு ஆஸ்திரேலியா வந்தது. நாடு சுதந்திரம் அடைந்ததிலிருந்தே காலனிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்தன. ஒதுக்கியிருந்த வேலைப் பங்கும் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே வந்தது. ரேமண்டும் மனுப் போட்டிருந்தார். அந்த நாட்டில் அப்போது நிறம் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வெள்ளை வம்சம் அதிகம் என்று காட்ட வேண்டும். தோலும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

ஒரு மத்தியானம் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் போர்டின் முன்னால் இருந்தோம்.

"ரேமண்டுக்கு ஆஸ்திரேலியா கெடச்சிடுச்சு" என்றார்.

"நல்லதுதானேக்கா?"

"மதராஸ்ல ஆபீசர் கேட்டாராம், உங்கம்மா எந்த வம்சம்னு... நம்பர் ப்ளீஸ். ஹோல்ட் த லைன்... எங்க அத்தை போட்டோவ எடுத்துக் காட்டி, இதான் எங்கம்மா, செத்துட்டாங்கன்னு சொல்லிட்டான்."

நான் செருக வேண்டிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"நீங்க?"

"நான் பொறக்கவே இல்ல. கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாதுன்னுட்டான்... யெஸ் திண்டிவனம், கோ அஹெட்... என்னிய இட்டுக்கினு போயிருந்தா அவனுக்கும் கெடச்சிருக்காது. அதையும் அவனே சொன்னான். கோவமாச் சொல்லல. அழுதுக்கினேதான் சொன்னான்."

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"அம்மாவா? 'போவட்டும் பாப்பா. அவன் அங்க நல்லா இருந்தாப் போதும். நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்'னாங்க." ஒரு பிளக்கைப் பிடுங்கினார். பிறகு, "உன் போர்டுல தகடு விழுந்து கெடக்குது பாரு" என்றார்.

ரேமண்ட் புறப்பட்ட அன்று நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மதராஸ் போய், அங்கிருந்து பம்பாய் சென்று கப்பலேற வேண்டும். திருச்சிப் பக்கத்திலிருந்து அதே கப்பலுக்குப் போகும் இரண்டு மூன்று சட்டைக்காரக் குடும்பங்கள் அந்தப் பெட்டியிலேயே இருந்தன. ஜன்னல்கள் நிறையத் தலைகள். மார்ட்டின் துரை கோட்டுப் போட்டுக்கொண்டு மகன் பக்கத்தில் நின்றார். சூசையம்மாள் தள்ளி, கூலிக்காரர்கள் மூட்டை இறக்கும் இடத்தில் நின்றார். டோரத்தி அக்கா அப்பாவிடம் போகவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விசில் ஊதியதும் ரேமண்ட் பெட்டியிலிருந்து குதித்து நேராக அம்மாவிடம் வந்தார். எதிரே வந்து நின்றுவிட்டார். பின்னால் ஜன்னல்களில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு முறை திரும்பி அந்த ஜன்னல்களைப் பார்த்தார்.

"சரி ஆயா. வர்றேன்" என்றார்.

சூசையம்மாள் கை கூப்பினார். "போய்ட்டு வாங்க தொரை. ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றார்.

பெற்ற மகனைத் துரை என்று கூப்பிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்கு அது பழக்கமான வேலை. ரேமண்ட் திரும்பி ஓடி வண்டியேறினார். வண்டி போன பிறகு டோரத்தி அக்கா அதே இடத்தில் நின்றபடி, பிளாட்பாரத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக, "அம்மா, வாங்கம்மா, வூட்டுக்குப் போலாம்" என்றார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அதன்பின் அதிக காலம் போகவில்லை. மார்ட்டின் துரை காலமானார். ஜனக்கணக்கு எடுக்க வந்தது அதற்கடுத்த வருஷம். கணக்கெடுப்பவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார், மரியாதையான மனிதர். அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அவர் அக்காவிடம் பேரையும் வேலையையும் கேட்டுக்கொண்டு, சூசையம்மாளைப் பார்த்து, "இவங்க வீட்டு வேலைக்காரங்களா?" என்றார்.

"குடும்பத் தலைவி அவங்கதாங்க. அவங்க பேரத்தான் மொதல்ல எழுதணும்" என்றார் அக்கா.

வாத்தியார் எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். சூசையம்மாள் தன் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டார். அக்காவே சொன்னார். அக்காவின் முறை வந்தபோது, "தாய்மொழி இங்கிலீஷ்னு போட்டுக்கறேம்மா" என்றார் வாத்தியார்.

"தமிழுங்க."

"சட்டைக்காரங்களுக்கு இங்கிலீஷுதானேம்மா தாய்மொழி?"

"தாய் இங்கதான் உக்காந்துக்கினு கீறாங்க. அவங்களையே கேளுங்க."

வாத்தியார் சிரித்துவிட்டார். தமிழ் என்று எழுதினார். பிறகு அக்கா, "எங்கம்மா ஆளுங்களோட என்னியும் சேத்து எழுத முடியுமா?" என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "இல்லம்மா. சட்டப்படி அப்பா வழிதான். அதுவும் நீங்க கிறிஸ்தவங்க. வேதத்துல சேர்ந்துட்டா அந்தச் சாதிக் கணக்குல வராது" என்றார்.

"வேதத்துல சேர்ந்தவங்களைத் தெருவுல சேத்துக்கறாங்களா?"

"இல்லம்மா."

"கோயில்ல?"

வாத்தியார் பேனாவை மூடி வைத்தார். "நான் எழுதறவன் மட்டும்தாம்மா" என்றார். மோர் கொடுத்து அனுப்பினோம்.

அதன்பின் அக்கா திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குத் தன் சனத்தின் பக்கத்தில் இருக்க ஆசை. வீடு பார்க்க நானும் கூடப் போனேன். நல்ல வீடு ஒன்று போனிலேயே பேசி முடிந்திருந்தது. நேரில் பார்த்ததும் வீட்டுக்காரர் கொஞ்சம் தடுமாறினார். சட்டைக்காரர், சர்க்கார் உத்தியோகம் என்று தெரிந்ததும் சமாதானமானார். சூசையம்மாளைப் பார்த்து, "ஆயாவுக்குப் பின்னால கொட்டாயில எடம் இருக்குது" என்றார்.

"எங்கம்மாங்க" என்றார் அக்கா.

சாவி திரும்பவும் வீட்டுக்காரர் மடிக்குள் போய்விட்டது. வெளியே வந்ததும் நான், "ஆயான்னே இருந்துட்டுப் போகட்டுமேக்கா, வீடாவது கெடச்சிருக்கும்" என்றேன். அலைச்சலில் வாயில் வந்தது அது. அக்கா கோபப்படவில்லை. "அதத்தான் எங்கப்பாவும் சொன்னாரு. எங்கண்ணனும் சொன்னான். சொல்றவங்க எல்லாம் நல்லவங்கதான் சகு" என்றார். கடைசியில் தோல் மண்டி பாய் ஒருவர் வீடு கொடுத்தார். "எங்களக் கூடத்தான் கேள்வி கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பறாங்க. நீ ஜல்தியா சாமான எறக்கும்மா" என்றார்.

அம்மாவின் சேரியிலும் வரவேற்பு அவர் நினைத்தது போல் இல்லை. சூசையம்மாளின் தங்கை மகன் அந்தோணி அங்கே கூலி வேலை செய்தார். அக்காவிடம் பிரியமானவர். ஆனாலும் ஒரு நாள், "நானும் உங்காளுதான் அந்தோணி" என்று அக்கா சொன்னபோது அவர் மறைக்காமல் சொன்னார்:

"கோவிச்சுக்காதக்கா. நீ உங்காளுதான்னு சொல்லிக்கினு வர்ற. வாணாம்னா சொல்லாமயும் இருக்கலாம். கவுன மாட்டிக்கினு இங்கிலீஷ்ல பேசினா உனுக்கு நாற்காலி போடுவான். எங்களுக்கு அந்த ரெண்டாவது வழி கெடையாது."

அக்கா இதை என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார். "அவன் சொன்னது சரி" என்பார். "நான் இன்னா ஆளுன்னு எனக்கு நானே சொல்லிக்கலாம். அவனுக்கு ஊரே சொல்லி வெச்சிருக்குது."

அந்தோணிக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. பையனுக்குப் படிப்புச் சலுகை கிடைக்க வேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் இந்துப் பேர் சொல்ல வேண்டும் என்றார்கள். அது பாவமா என்று அக்காவிடம் வந்து கேட்டார். அண்ணன் செய்ததை மறக்காத அக்கா என்ன சொல்வாரோ என்று நினைத்தேன். "உன் பையன் உன்ன அப்பான்னு கூப்புடுவான் இல்ல? அது போதும். போயி எழுது" என்றார். அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் ஒரு பேரோடும் கோயிலில் ஒரு பேரோடும் படித்துக்கொண்டிருக்கிறான்.

சூசையம்மாள் திண்டிவனத்தில் நாலைந்து வருஷம் நிம்மதியாகவே இருந்தார் என்று நினைக்கிறேன். மேசையில் முதல் தட்டு அவருக்குத்தான். பக்கவாதம் வந்து படுத்து, அதிக நாள் இழுக்காமல் போனார். அக்கா ரேமண்டுக்குத் தந்தி கொடுத்தார். பதில் இல்லை. அடக்கம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள் காலையில் மதராஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்திரேலியா கால், திண்டிவனத்துக்கு. எங்கள் போர்டு வழியாகத்தான் போக வேண்டும். இணைத்துவிட்டு, சத்தம் சரியாகப் போகிறதா என்று கேட்க வேண்டியது என் வேலை. கேட்டேன்.

கடல் இரைவது போல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து "டாட்... டாட்..." என்று ஒரு குரல். அக்காவை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்கு மேல் அழுகைதான். மதராஸ் ஆபரேட்டர், "டைம் முடிகிறது, நீட்டிக்கவா?" என்று கேட்டாள். யார் சொல்வதற்கும் முன்னால் நான் "எக்ஸ்டெண்ட்" என்றேன். அப்போதுதான் ரேமண்ட் பேசினார். தமிழில் பேசினார். அப்பா இருந்தவரை அவர் வாயில் தமிழ் வந்து நான் கேட்டதே இல்லை, பிளாட்பாரத்தில் பேசிய அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர. பக்கத்தில் நிற்பவர்கள் யாருக்கும் புரியாது என்ற தைரியமாக இருக்கலாம்.

"அம்மா எப்பிடிப் போனாங்க டாட்? வலி எதனா இருந்துச்சா?"

"இல்ல ரேமண்டு. தூக்கத்துல போனாங்க."

"என்னப் பத்தி எதனா கேட்டாங்களா?"

இரைச்சல். பிறகு அக்காவின் குரல், போர்டில் நம்பர் சொல்லும் குரல் மாதிரி அத்தனை தெளிவாக: "கேட்டாங்க. எம் புள்ள சாப்ட்டானான்னு கேட்டாங்க."

அடுத்த வாரம் நேரில் பார்த்தபோது, "அம்மா அப்படிக் கேட்டாங்களாக்கா?" என்றேன்.

"எங்க? கடைசில அவங்களுக்குப் பேச்சே இல்ல, சகு. அவன் அன்னிக்கி ஒரு பொய் சொன்னான். நான் ஒண்ணு சொன்னேன். தீந்துபோச்சு." சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்கு அசதியா இருக்குது" என்றார்.

அந்த அசதி அதன்பின் அவரை விட்டு இறங்கவே இல்லை. மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு தெருவே நடக்க முடியவில்லை. லீவு போட்டுப் போட்டு, ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். நான் கடைசியாகப் போனபோது நர்ஸ் ஒருத்தி புதிதாக வந்து, அட்டையில் இருந்த பேரையும் படுக்கையில் இருந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்காவே முந்திக்கொண்டு, "நான்தாம்மா அது" என்றார். அவள் போனதும் என்னிடம், "பொறந்ததுலேர்ந்து பதில் சொல்லிக்கினே இருக்கறேன். வாய் வலிக்குது" என்றார். பிறகு கண்ணை மூடியபடி, "என்ன எங்கம்மா பக்கத்துல வெச்சிடச் சொல்லு. வேற யாராண்டயும் எதையும் கேக்க வேணாம்" என்றார்.

அவ்வளவுதான் அவர் வைத்துவிட்டுப் போன விருப்பம். சின்ன விருப்பம் என்றுதான் நானும் நினைத்தேன்.

செய்தி வந்த அன்று விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது பூ வாங்கினேன். மாலையைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் யார் இறந்தது, என்ன ஆளுங்க என்று கேட்டார். கூட வேலை செய்தவர் என்றேன். அவருக்கு அது பதிலாகத் தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடக்கம் சூசையம்மாளின் ஊரில். அந்த ஊரின் பேரை எழுதப் போவதில்லை. அந்த ஊரில் மட்டும் நடப்பது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அங்கே கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்று போகிறது. மேலண்டை மேட்டுப் பூமி. அங்கே நிலக்காரக் கிறிஸ்தவர்கள். கீழண்டை பள்ளம், அங்கே சேரி. சூசையம்மாள் கீழண்டையில் இருக்கிறார்.

சவப்பெட்டி தோட்டத்து வாசலுக்கு வந்ததும் மேலண்டைப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். உண்மையாகவே துக்கம் விசாரிக்க வந்தவர். "தொரைமாரு வம்சத்துப் பொண்ணு, கெவுர்மெண்டு உத்தியோகம். கீழாண்ட போட்டா நல்லாருக்காது. மேலாண்டயே எடம் தர்றோம்" என்றார். அவர் வரையில் அது பெரிய மரியாதை.

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். அவர் கூலி வேலை செய்வது அந்தப் பெரியவரின் நிலத்தில்தான். பெட்டியைத் தூக்கியவர்கள் தோளை மாற்றிக்கொண்டு நின்றார்கள். நான் முன்னால் போனேன்.

"ஐயா, அவங்க அம்மா பக்கத்துலதான் வெக்கச் சொல்லிட்டுப் போனாங்க. என்கிட்டயே சொன்னாங்க."

"நீங்க எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். அப்பா பேரையும் கேட்டார். அதையும் சொன்னேன். அவர் குரல் இன்னும் தணிந்தது. "நல்ல குடும்பத்துலேர்ந்து வந்திருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, அந்த ஆயா பக்கத்துலயா வெக்கறது?"

எங்கிருந்து ஆரம்பித்து இவருக்குச் சொல்வது என்று எனக்கு ஒரு பெரிய களைப்பு வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து அந்தோணியின் குரல் கேட்டது.

"ஆயா இல்லீங்க. எங்க பெரிம்மாங்க. இவங்க எங்க பெரிம்மா பொண்ணுங்க."

பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தோணி குனிந்த தலையை நிமிர்த்தியிருந்தார். பார்வையைத் தாழ்த்தவில்லை. பெரியவர், "அப்ப உங்க இஷ்டம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவரோடு வந்தவர்களும் போய்விட்டார்கள். அந்தோணிக்கு இப்போது அந்த நிலத்தில் வேலை இல்லை. தினமும் திண்டிவனம் வந்து மூட்டை தூக்குகிறார்.

பெட்டி கீழண்டைக்கு இறங்கியது. வழியெல்லாம் வாய்க்கால் சேறு. விழுப்புரம் காலனியில் மிச்சமிருக்கும் சில குடும்பங்களிலிருந்து இரண்டு வயதான பெண்கள் கவுனும் தொப்பியுமாக வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் சுவரண்டையே நின்றார்கள். பிறகு ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் கால் வைத்தார். அந்தோணியின் மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கினார். சேரிப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு, "எங்க வூட்டுப் பொண்ணே" என்று ஒப்பாரி வைத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் கிழவி இங்கிலீஷில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் மற்றவருக்காக நிறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்தே குழிக்குள் போயின.

நானும் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன்.

டோரத்தி அக்கா, உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரு முழம் கூடத் தள்ளாமல் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். இனி உங்களை எழுப்பி ஒருவரும் எதையும் கேட்கப் போவதில்லை. தூங்குங்கள்.